வேற்று மண்ணில் வீடு – 9: பதிவேட்டில் ஏறும் பெயர்

வெளிநாட்டவர் இத்தாலியில் வீடு வாங்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும், செல்லுபடியாகும் தங்கும் அனுமதி வைத்திருப்பவர்களும் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு, அவர்கள் நாட்டில் இத்தாலியருக்கும் அதே உரிமை இருக்க வேண்டும் என்ற பரஸ்பர நிபந்தனை 1942-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தொகுப்பின் முகப்பு விதிகளிலேயே இருக்கிறது. வாங்கிய பிறகு வரும் கேள்விதான் கனமானது: அந்த ஊர் நகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டில், அதாவது அனாகிராஃபேயில், பெயரைப் பதிவு செய்யப் போகிறீர்களா? எந்த வரியை, எந்த விகிதத்தில், உலகின் எந்த மூலையில் இருக்கும் சொத்துக்குக் கட்டுவீர்கள் என்பதைப் பாஸ்போர்ட்டைவிட அந்தப் பதிவேடுதான் அதிகம் தீர்மானிக்கிறது. பதிவால் வரும் சலுகை வேண்டும், சுமை வேண்டாம் என்று நினைப்பவர்கள்தான் அங்கே சிக்கிக்கொள்கிறார்கள்.

முதலில் சலுகைக் கணக்கு. தனியாரிடமிருந்து பழைய வீடு வாங்கினால், நீங்கள் உண்மையில் கொடுத்த விலைமீது பத்திரப் பதிவு வரி போடாமல், நில அளவைத் துறையின் ஏட்டில் உள்ள மதிப்பின்மீது போடும்படி, பத்திரத்தை எழுதிப் பதியும் ‘நோத்தாயோ’ என்ற அதிகாரியிடம் கேட்கலாம். ஏட்டு மதிப்பு பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவு. ஏட்டில் வீட்டின் ஆண்டு வருவாய் மதிப்பு 600 யூரோ என்று வைத்துக்கொள்வோம். முதல் வீடு என்றால் அதை 115.5-ஆல் பெருக்கி 2 சதவீதம்: 1,386 யூரோ. இரண்டாம் வீடு என்றால் 126-ஆல் பெருக்கி 9 சதவீதம்: 6,804 யூரோ. அதே சுவர், அதே கூரை. வித்தியாசம் 5,418 யூரோ. முதல் வீட்டுச் சலுகைக்கு, அதே வகையில் வேறு வீடு இருக்கக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளோடு, அந்த நகராட்சி எல்லைக்குள் 18 மாதத்தில் குடிபதிவு செய்ய வேண்டும் என்பதும் சேர்ந்து வருகிறது. பதிவு செய்யாவிட்டால் வித்தியாசத் தொகையை அபராதத்தோடும் வட்டியோடும் திரும்ப வாங்கிவிடுவார்கள். அடுத்து ஆண்டுதோறும் ஜூன் 16, டிசம்பர் 16 என இரு தவணையில் கட்டும் ‘இமு’ சொத்து வரி. நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு, ஆடம்பர வகையாக இல்லாவிட்டால், இது கிடையாது. குடியில்லாதவருக்கு, நகராட்சி உச்ச விகிதமான 1.06 சதவீதத்தை வைத்திருந்தால், நம் 600 யூரோ வீட்டுக்கே வருடம் 1,068 யூரோ வரும்.

இதைப் பார்த்தவுடன் பலருக்கும் தோன்றும் யோசனை, பெயரை மட்டும் பதிவு செய்துவிட்டு வேறெங்காவது வாழ்வது. பதிவு கேட்டவுடன் நகராட்சி இரண்டு வேலை நாளில் பெயரை ஏற்றிவிடும் என்பதால் ஏமாற்றுவது எளிது என்று தோன்றலாம். ஆனால் அதற்குப் பின் 45 நாள் சரிபார்ப்புக்கு இருக்கிறது. நகராட்சிக் காவலர் சொல்லாமல் வந்து நிற்பார். அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். கணவன் ஓர் ஊரிலும் மனைவி வேறோர் ஊரிலும் பதிந்து இரு வீட்டுக்கும் இமு விலக்குப் பெறும் வழக்கத்தை அரசியல் சாசன நீதிமன்றம் 2022-இல் விசாரித்தது. தம்பதிகள் உண்மையிலேயே தனித்தனி வீட்டில் வாழ்ந்தால் இருவருக்கும் விலக்கு உண்டு என்றது தீர்ப்பு. கூடவே, மின்சாரம், தண்ணீர், எரிவாயு எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தே நகராட்சிகள் உண்மையைக் கண்டுபிடிக்கலாம் என்றும் சுட்டிக்காட்டியது. ஜனவரி மாதம் முழுக்க எரிவாயு மீட்டர் நகராத வீட்டில் ஒரு குடும்பம் வாழ்ந்தது என்று யாரும் நிரூபித்துவிட முடியாது.

இனி சுமை. ஆண்டின் பெரும்பகுதி இத்தாலியில் குடியிருப்பவர் உலகம் முழுவதிலுமுள்ள தன் வருமானத்துக்கு அங்கே வரி கட்ட வேண்டும். 2024 முதல் இந்த விதி இன்னும் இறுகியிருக்கிறது: வெறுமனே அந்நாட்டில் இருந்த நாட்களும், ஒரு நாளின் சிறு பகுதி உட்பட, கணக்கில் சேர்கின்றன. வெளிநாட்டுச் சொத்துக்கு ‘இவியே’ என்ற தனி வரி வேறு. 0.76 சதவீதமாக இருந்த அது 2024-இல் 1.06 ஆனது. இத்தாலியின் பலேர்மோ நகரில் முதியோரைப் பராமரித்து வாழும் ஈழத்தமிழ்ப் பெண்ணை இந்த வரி நேராகத் தொடுகிறது. யாழ்ப்பாணத்தில் அவர் பெயரில் 40,000 யூரோ மதிப்புள்ள வீடு இருந்தால் ஆண்டுக்கு 424 யூரோ. வீட்டை வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருந்தாலும் இதே கதைதான். வரி 200 யூரோவைத் தாண்டாவிட்டால் கட்ட வேண்டாம். அதாவது சுமார் 18,800 யூரோ மதிப்பு வரை தப்பலாம். வீட்டு வேலைக்கு அமர்த்தும் முதலாளி சம்பளத்தில் வருமான வரி பிடிப்பதில்லை. ஆகவே அவரைப் போன்ற தொழிலாளர்கள் தாங்களே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியவர்கள். வழக்கமாக நிரப்பும் 730 படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கென்று ஒரு பகுதி 2024-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் இன்னொரு படிவத்தைத் தனியாகத் தேடி நிரப்ப வேண்டியிருந்தது.

இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறதே என்று ஒரு மறுப்பு வரும். இந்தியாவோடும் இலங்கையோடும் இத்தாலிக்கு ஒப்பந்தம் உண்டு. ஊரில் வாடகை வருமானத்துக்குக் கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள அது உதவும். ஆனால் சொத்து இருப்பதை அறிவிக்கும் கடமையை எந்த ஒப்பந்தமும் நீக்குவதில்லை. அறிவிக்காமல் விட்டால் மதிப்பில் 3 முதல் 15 சதவீதம் வரை அபராதம். நம் உதாரணத்தில் குறைந்தபட்சமே 1,200 யூரோ, அதுவும் ஓர் ஆண்டுக்கு. ஊரிலுள்ள காணி இத்தாலிய வரித்துறைக்கு எப்படித் தெரியும் என்ற மறுப்பில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நாடுகளுக்கிடையே தானாகப் பகிரப்படுவது முக்கியமாக வங்கிக் கணக்கு விவரம். இந்தியா 2017 முதல் அதில் இருக்கிறது. நிலம் அந்த வலைக்கு வெளியே. ஆனால் நிலத்தை விற்ற பணம் ஒருநாள் வங்கி வழியாகத்தான் பலேர்மோ வரும். அன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதிலோடு கடந்த ஆண்டுகளின் மௌனமும் வெளிப்பட்டுவிடும்.

இந்த விதிகள் நியாயமானவையா என்றால், இல்லை என்றே சொல்வேன். 2017-இல் வந்த திட்டப்படி, குடிபெயரும் பெரும் செல்வந்தர் வெளிநாட்டு வருமானம் முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் யூரோ கட்டினால் போதும் என்றிருந்தது. 2024 ஆகஸ்டில் புதிதாக வருபவர்களுக்கு அது இரண்டு லட்சமானது. 2019 முதல், வெளிநாட்டு ஓய்வூதியம் பெறுபவர் தென்பகுதியின் சிறிய ஊர்களில் குடியேறினால் வெறும் 7 சதவீதம். இரு தரப்புக்கும் வெளிநாட்டுச் சொத்தை அறிவிக்கும் கடமையும் இவியேயும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சீதன வீட்டைப் பராமரிப்புத் தொழிலாளி அறிவிக்க வேண்டும். உல்லாசக் கப்பல் வைத்திருப்பவர் தன் லண்டன் மாளிகையை அறிவிக்க வேண்டாம். குடிபதிவுதான் அந்த அரசு விற்கும் சரக்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் பதிவே செய்யாமல் இருந்துவிட்டால்? விடுமுறைக்கு வந்துபோகிறவருக்கு அது சரியான முடிவுதான். 9 சதவீதத்தையும் இமுவையும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் வீட்டுப் பத்திரம் தங்கும் உரிமை தராது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியபின், அங்கே வீடு வைத்திருக்கும் ஆங்கிலேயர்கூட விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடிகிறது. நிலையாக வாழ்பவருக்கோ பதிவில்லாமல் குடியுரிமை இல்லை. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவருக்குப் பத்தாண்டு இடையறாத சட்டப்படியான குடியிருப்பு வேண்டும் என்கிறது 1992-ஆம் ஆண்டுச் சட்டம்.

புதிதாகப் போகிறவருக்குச் சட்டம் விட்டிருக்கும் நேர்மையான இடைவெளி காலண்டரில் இருக்கிறது. வரிக்கான குடியிருப்பு முழு ஆண்டையும் வைத்துப் பார்க்கப்படுவது. பாதி ஆண்டு என்ற பேச்சு பொதுவாகக் கிடையாது. மார்ச்சில் பத்திரம் முடித்து, முதல் வீட்டுச் சலுகைக்கான உறுதிமொழியையும் அதிலேயே எழுதிவிட்டு, ஆகஸ்டில் குடியேறிப் பதிவு செய்பவர் அந்த ஆண்டில் 183 நாளைத் தொடமாட்டார். 18 மாதக் கெடுவும் கையில் இருக்கும். ஊர்ச் சொத்தை விற்பதா, உறவினருக்கு எழுதிக் கொடுப்பதா என்று முடிவெடுக்க டிசம்பர் வரை நேரம் உண்டு. மனைவி மக்களை மட்டும் ஜனவரியிலேயே அனுப்பிவிட்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். குடும்ப உறவுகள் எங்கே இருக்கின்றனவோ அதையும் 2024-ஆம் ஆண்டு விதி தனியொரு அளவுகோலாக வைத்திருக்கிறது.

(தொடரும்)