மாசக் கடைசியிலும் வயிறு நிறையும்! சென்னை சந்துகளில் ஒளிந்திருக்கும் மலிவு மெஸ்கள்

சென்னை,

மாதம் 26-ந் தேதி. மதியம் மணி 1.

பர்சைத் திறந்தால் ஒரே ஒரு 500 ரூபாய் நோட்டு. சம்பளத்துக்கு இன்னும் 5 நாள் இருக்கிறது. ஆனால் வயிறு கேலண்டர் பார்க்குமா? கிள்ளுகிறது.

எதிரே கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. ஓட்டல். உள்ளே நுழைந்தால் அந்த நோட்டு பாதியாகத்தான் வெளியே வரும்.

பக்கத்து சந்தில் திரும்பினால் ஒரு மெஸ். வாசலில் சாக்பீசில் எழுதிய பலகை. அதில் "சாப்பாடு ரெடி" என்று இரண்டே வார்த்தை. உள்ளே நாலு பெஞ்சு. அதே சாதம், சாம்பார், ரசம், மோர், கூட்டு, பொரியல். காசு மட்டும் பாதிதான்!

ஒரு வேளைச் சாப்பாட்டில் 80 ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். மாதம் 25 நாள் வேலை. மொத்தம் 2 ஆயிரம் ரூபாய்! பையனின் டியூஷன் பீசுக்கு ஆச்சு. வீட்டுக்கு கியாஸ் சிலிண்டர் வாங்க ஆச்சு.

இப்படிப்பட்ட கடைகள் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் விளம்பரம் கிடையாது. விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது எப்படி?

லுங்கியைப் பாருங்கள்

போர்டைப் பார்க்காதீர்கள். வாசலில் நிற்பவர்களைப் பாருங்கள்.

ஆட்டோ டிரைவர்கள், மூட்டை தூக்குபவர்கள், தபால்காரர்கள், கோர்ட்டு குமாஸ்தாக்கள், கடைப் பையன்கள். இவர்கள் தினமும் ஒரே இடத்தில் சாப்பிடுகிறவர்கள். ஒரு நாள் சாம்பார் ஊசிப் போனால் மறுநாள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். அவர்கள் கூட்டமாக நிற்கும் கடையில் ருசியும் இருக்கும், ரேட்டும் நியாயமாக இருக்கும்.

"அண்ணே, இங்கே நல்ல ஓட்டல் எங்கே?" என்று கேட்டால் பெரிய ஓட்டலுக்குத்தான் வழி காட்டுவார்கள். "அண்ணே, நீங்க எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலே வேறாக இருக்கும்!

இன்னொரு அடையாளம், நேரம். நல்ல மெஸ்சில் எல்லா நேரமும் எல்லாம் கிடைக்காது. அண்டா காலியானால் "தீர்ந்துபோச்சு சார்" என்பார்கள். கோபப்படக் கூடாது. அன்றன்று சமைத்ததை அன்றே விற்று முடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

மேன்ஷன் தந்த மெஸ்

சென்னையில் மெஸ்சுக்குப் பேர் போன இடம் திருவல்லிக்கேணி. காரணம் அங்குள்ள மேன்ஷன்கள்.

வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த கல்யாணம் ஆகாத ஆண்கள் மேன்ஷனில் ஒரு அறை எடுத்துத் தங்குவார்கள். அடுப்பு மூட்ட இடம் கிடையாது. மூன்று வேளையும் வெளியேதான். அவர்களை நம்பி மெஸ்கள் முளைத்தன. அவர்களுடைய சம்பளத்துக்குத் தகுந்தபடிதான் விலை வைத்தாக வேண்டும்.

இங்குள்ள காசி விநாயகா மெஸ்சில் டோக்கன் வாங்கிக் கொண்டு காத்திருக்க வேண்டும். வரிசைப்படிதான் இலை. சைவச் சாப்பாடு.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சேப்பாக்கம். கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்து சந்தில் நாயர் மெஸ். 1961-ல் ஆரம்பித்தது. சாப்பாடும் மீன் குழம்பும்தான் அங்கே பேச்சு.

மைலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்துக்குள் ராயர் மெஸ். காலை டிபனுக்கு வெளியே ஒரு கூட்டம் எப்போதும் காத்திருக்கும். உட்கார இடம் கொஞ்சம்தான்.

இந்த மூன்றும் இன்று ஊரறிந்த பெயர்கள். ஆனால் ஆரம்பத்தில் இவையும் சந்துக்குள் இருந்த சின்னக் கடைகள்தான். இவை இருக்கும் தெருக்களையே இன்னும் இரண்டு முறை சுற்றி வந்தால், பெயர் வெளியே தெரியாத கடைகள் கண்ணில் படும்.

பர்மாவிலிருந்து வந்த அத்தோ

சாயங்காலம் ஆபீஸ் விட்டு பீச் ரெயில் நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி.

ஸ்டேஷனுக்கு அருகே இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். "அத்தோ" என்று எழுதியிருக்கும். அது என்ன அத்தோ?

பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. அதன் பிறகு கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. பிழைப்பை இழந்த தமிழர்கள் கப்பல் ஏறி சென்னைக்கு வந்தார்கள். அவர்களுக்காக 1969-ல் உருவானதுதான் பர்மா பஜார். பொருளோடு சேர்ந்து சாப்பாடும் வந்தது.

வேகவைத்த நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித் தண்ணீர், மிளகாய்த்தூள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். மேலே "பேஜோ" என்ற மொறுமொறு வடையை நொறுக்கித் தூவுவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்.

வேகவைத்த முட்டையைப் பிளந்து, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்த மசாலா முட்டையும் உண்டு. ரெயில் ஏறுவதற்குள் ஒரு தட்டு அத்தோ, ஒரு முட்டை. ராத்திரிச் சாப்பாடு முடிந்தது!

ஒரு எச்சரிக்கை: ஆபீஸ் விடும் நேரம், ஸ்டேஷன் பக்கம், நெரிசல். ஒரு கையில் தட்டு இருந்தாலும் இன்னொரு கை பர்சின் மேல் இருக்கட்டும்.

வடகறியும் நெய் இட்லியும்

சைதாப்பேட்டை என்றால் வடகறி. மாரி ஓட்டல் அதற்குப் பெயர் பெற்றது.

மீந்துபோன மசால் வடையை உதிர்த்து மசாலாவில் போட்டதில் பிறந்ததுதான் வடகறி என்பார்கள். ஏழையின் சிக்கனம், ஊருக்கே ருசியாகி விட்டது. இட்லியோ தோசையோ இரண்டு, ஒரு கரண்டி வடகறி. காலை டிபன் ஜோர்!

பூக்கடைப் பக்கம் வேலை உள்ளவர்கள் ராத்திரியில் சவுகார்பேட்டை வழியாக வரலாம். என்.எஸ்.சி.போஸ் ரோட்டில் சீனா பாய் கடையில் நெய் இட்லியும் ஊத்தப்பமும்தான் விசேஷம். கல்லில் நெய்யும் பொடியும் மணக்கும். மாலைக்கு மேல்தான் வியாபாரம்.

வட சென்னைக்காரர்களுக்குக் காசிமேட்டைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மீன் வாங்கப் போகிறவர்கள் துறைமுகத்தைச் சுற்றியுள்ள சின்னக் கடைகளில் மீன் குழம்பை ருசி பார்க்கலாம்.

ஆனால் காலண்டரைப் பார்த்துப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. நாட்டுப்படகுகள் மட்டும் போகும். வரத்து குறையும், விலை ஏறும். மெஸ்சில் மீன் துண்டும் சிறுத்துவிடும்!

ஒரு ரூபாய் இட்லி

கையில் சில்லறைதான் இருக்கிறதா? இருக்கவே இருக்கிறது அம்மா உணவகம்.

2013-ல் சென்னை மாநகராட்சி இதைத் தொடங்கியது. இட்லி 1 ரூபாய். பொங்கல் 5 ரூபாய். சாம்பார் சாதம் 5 ரூபாய். தயிர் சாதம் 3 ரூபாய். இரண்டு சப்பாத்தி 3 ரூபாய் என்று விலை வைத்தார்கள். சமையலும் பரிமாறலும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்.

கூலி வேலைக்காரர் மட்டும்தான் போக வேண்டும் என்று சட்டம் இல்லை. வரிசையில் நிற்கிற யாருக்கும் உண்டு.

பில்லில் ஏமாறாதீர்கள்

மெஸ்சில் சாப்பாட்டு விலை குறைவுதான். பில்லை ஏற்றுவது வறுவல்!

இலை போட்டதும் சப்ளையர் ஒரு தட்டத்தைத் தூக்கி வருவார். அதில் வஞ்சிரம், சுக்கா, இறால் என்று அடுக்கியிருக்கும். "என்ன சார் வைக்கட்டும்?" என்பார். விலையைக் கேட்காமல் தலையாட்டினால் சாப்பாட்டை விட வறுவலுக்கு அதிகம் கொடுக்க வேண்டி வரலாம். கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது.

"அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா?" என்றும் முதலிலேயே கேளுங்கள். அளவுச் சாப்பாட்டில் மறுசோறு கிடையாது. சில மெஸ்களில் ஒரு பார்சல் சாப்பாடு இரண்டு பேருக்குத் தாங்கும். ஆபீஸ் நண்பரோடு பங்கு போட்டால் செலவு பாதி.

பில்லில் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் அதன் பதிவு எண்ணும் அச்சாகி இருக்க வேண்டும். "காம்போசிஷன்" திட்டத்தில் உள்ள சின்ன ஓட்டல்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. இது பலருக்குத் தெரியாது.

மலிவு என்றால் மட்டமா?

இல்லை. ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தட்டு கழுவுகிற வாளியைப் பாருங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் நடையைக் கட்டுங்கள். தட்டின் மேல் வாழை இலை போட்டுத் தருகிற கடையாக இருந்தால் நல்லது. வாணலியில் எண்ணெய் கறுத்து நுரைத்தால் பஜ்ஜி வேண்டாம். கொதிக்கக் கொதிக்கத் தருவதைச் சாப்பிடுங்கள். முந்தாநாள் வைத்த சட்னி ஆகாது.

தள்ளுவண்டிக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு அவசியம். 14 இலக்க எண் ஒன்று கடையில் மாட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று. மாலைப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் அதில் வடையை வைத்து எண்ணெய் ஒற்றாதீர்கள். அச்சு மை வயிற்றுக்குள் போகும். பத்திரிகைத் தாளில் பலகாரம் மடிக்கவே தடை இருக்கிறது.

நாளைக்கும் கடை இருக்குமா?

இதுதான் பெரிய கேள்வி.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. மேன்ஷன்கள் காலி ஆயின. சாப்பிட ஆள் இல்லாமல் மெஸ்கள் மூடிக் கிடந்தன. சில கடைகளில் இறக்கிய ஷட்டர் மறுபடி ஏறவே இல்லை.

அடுத்து கியாஸ். ஓட்டலுக்கு வாங்குவது 19 கிலோ வணிக சிலிண்டர். மாதம் பிறந்தால் அதன் விலை மாறும். 2022-ல் சென்னையில் அது 2 ஆயிரத்து 500 ரூபாயைத் தாண்டியது. பெரிய ஓட்டல்காரர் மெனு கார்டை மாற்றி அடித்து விடுவார். மெஸ்காரர் 5 ரூபாய் ஏற்றினாலே பாதிக் கூட்டம் முகம் சுளிக்கும். ஏற்றாவிட்டால் கைக்காசு கரையும்.

தள்ளுவண்டிக்காரருக்கு இன்னொரு பயம். ஆக்கிரமிப்பு அகற்றம்! லாரி வந்தால் அடுப்பு, பாத்திரம், மாவு எல்லாம் போய்விடும். அன்றைய முதலும் போச்சு.

இதற்குச் சட்டம் இருக்கிறது. தெரு வியாபாரிகள் சட்டம் 2014-ல் வந்தது. அதன்படி கணக்கெடுத்து, சான்றிதழ் தரும்வரை வியாபாரியை அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதாக இருந்தாலும் 30 நாள் முன்னதாக நோட்டீசு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கெட்டுப் போகும் பொருளாக இருந்தால், கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும்.

தோசை மாவு கெட்டுப் போகும் பொருள்தானே! இந்த விதி தெரிந்தால் வண்டிக்காரர் வாய் திறந்து கேட்கலாம். தெரியாததால் கையைப் பிசைகிறார்.

நடைபாதை நடப்பவர்களுக்கு வேண்டும் என்பதும் நியாயம்தான். வண்டி நிற்க ஒரு இடத்தைக் கோடு போட்டுக் காட்டி விட்டால் இரண்டு பக்கமும் சண்டை இல்லை. சட்டம் சொல்வதும் அதைத்தான்.

கணக்கு நோட்டு

பழைய மெஸ்களின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நீள நோட்டு ஒன்று இருக்கும். தினம் சாப்பிடுகிறவர்களின் கணக்கு அதில் ஏறும். "சம்பளம் வந்ததும் கொடுங்க தம்பி" என்பார் முதலாளி. மாசக் கடைசியில் மானத்தைக் காப்பாற்றுவது அந்த நோட்டு!

கண்ணாடிக் கதவு ஓட்டலில் அந்த நோட்டு கிடையாது.

எனவே நாளை மதியம் ஒரு காரியம் செய்யுங்கள். ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஒரு முறை நுழைந்து பாருங்கள். புகை வருகிற இடம், கூட்டம் நிற்கிற இடம் எது என்று பாருங்கள். நல்ல கடை கிடைத்தால் சும்மா இருக்காதீர்கள். பக்கத்து சீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள்.

நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டால்தான் அந்த அடுப்பு நாளைக்கும் எரியும்.