நடக்கத் தெரியாமலே விமானம் ஏறுகிறார்கள்

ஐந்தாம் நாள் காலையில் அவளால் ஷூவுக்குள் காலை நுழைக்க முடியவில்லை. இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து, சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கிடந்தது. கூட வந்த பெண் வெந்நீர் விட்டு நனைத்து, மெல்ல உரித்தெடுத்து, பிளாஸ்திரியை வட்டமாக வெட்டி ஒட்டினாள். அதற்குள் மற்றவர்கள் இவள் பையைப் பிரித்து, கூடாரத்தை ஒருவர், அடுப்பை ஒருவர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவள் திருமுல்லைவாயல் பெண், என் தோழியின் மகள். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில் முதுகலை படிக்கிறாள். உடன் படிப்பவர்கள் எட்டுப் பேராகச் சேர்ந்து வெஸ்ட் ஹைலேண்ட் வே முழுவதையும் ஏழு நாளில் நடந்து முடித்திருக்கிறார்கள். கிளாஸ்கோவை ஒட்டிய சிற்றூரில் தொடங்கி, லோமண்ட் ஏரிக்கரையோடு போய், ஃபோர்ட் வில்லியமில் முடியும் 154 கிலோமீட்டர் பாதை, 1980இல் திறந்தது. திருமுல்லைவாயலிலிருந்து திருப்பதி போவதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம்.

அன்றைக்குக் கடக்க வேண்டியிருந்தது ரானக் மூர். கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு, ஒதுங்க மரம் கிடையாது, மழை வேறு. யார் மெதுவாக நடக்கிறாரோ அவரை முன்னால் விடுவது அந்தக் குழுவின் வழக்கம். நாள் முழுக்க இவள்தான் முன்னால் நடந்தாள். பின்னால் ஏழு பேர், ஒருவர்கூட முந்தவில்லை. மறுநாள் டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் ஏற்றம். 550 மீட்டர், அந்தப் பாதையிலேயே உயரமான இடம். அதையும் ஏறிவிட்டாள்.

எனக்குப் பெருமைதான். ஆனால் அவள் சொன்ன ஒன்று மனசை விட்டுப் போகவில்லை. “மூச்செல்லாம் வாங்கல ஆன்ட்டி. காலுக்குத்தான் நடக்கவே தெரியல.”

எப்படித் தெரியும்? இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கு வேன். கல்லூரிப் பஸ் அம்பத்தூர் ஓ.டி.யில் ஏற்றிக்கொண்டு அங்கேயே இறக்கிவிட்டது. டியூஷனுக்கு அப்பாவின் பைக். ஷூவைக்கூடக் கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் வாங்கியிருக்கிறாள். பெற்றவர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? சி.டி.எச். சாலையில் பாடியிலிருந்து திருநின்றவூர் வரை, பிள்ளையை நம்பி நடக்கவிட எத்தனை அடி தூரம் இருக்கிறது? பூந்தமல்லியில் சாலையைக் கடப்பதே ஒரு பயணம். ஷேர் ஆட்டோ இடிக்காமல் வீடு வந்தால் போதும் என்றாகிவிட்டது.

இதே சாலையில்தான் புரட்டாசியில் திருப்பதிக் குடை ஊர்வலம் போகிறது. வில்லிவாக்கம், திருமுல்லைவாயல், ஆவடி, திருநின்றவூர் என்று கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். அவளுடைய தாத்தா வருஷம் தவறாமல் மஞ்சள் வேட்டியோடு வெறுங்காலில் பாத யாத்திரை போனவர். வழியில் யாராவது சோர்ந்தால் மொத்தக் கோஷ்டியும் மரத்தடியில் உட்காரும் என்று சொல்வாராம். ஸ்காட்லாந்தில் பேத்தி கற்றுக்கொண்ட வழக்கம் அவருக்குத் தெரிந்த வழக்கம்தான். நடுவில் ஒரு தலைமுறையிடம், என் தலைமுறையிடம், அது அறுந்துவிட்டது.

குரங்கணி மலையேற்றத்தில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததைப் பார்த்தவர்கள் மலை வேண்டாம் என்று பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே தடுத்துவைத்த பிள்ளைகள், நம் கண்ணுக்கெட்டாத தேசத்தில், பழகாத காலோடும் புது ஷூவோடும் மலையேறத்தான் போகிறார்கள். என் பயமெல்லாம் அதுதான். எல்லாருக்கும் காத்திருக்கும் ஏழு பேர் அமைவார்கள் என்று என்ன நிச்சயம்?

மேற்படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும்போது விசா, வங்கிக் கடன், புளிக்காய்ச்சல் வரை யோசிக்கிறோம். கிளம்பும் முன் ஆறு மாதம் நடக்கவிடுங்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் முதுகில் பையோடு சுற்றட்டும். பிறகு குடியம் குகைக்குக் கூட்டிப்போங்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளில் அதுவும் ஒன்று, வழிகாட்டியோடுதான் அனுப்புகிறார்கள். பூண்டிக்குப் பக்கம்தான். ஆவடியில் லோக்கல் ரயில் ஏறினால் திருவள்ளூர், அங்கிருந்து பஸ்.