அடங்காப் பசியும் ஒரு சுண்டெலியும்

வீட்டிலே ஒரு பிள்ளை அளவுக்கு மிஞ்சி உண்டு உடல் பருத்தால் நாம் என்ன சொல்கின்றோம்? "வாயைக் கட்டத் தெரியாத பிள்ளை" என்று ஏசுகின்றோம். பெற்ற தாயையும் குறை கூறுகின்றோம். இத்தீர்ப்பு எப்பொழுதும் நீதியானதுதானா? இதனை அறிய ஒரு சுண்டெலியின் வரலாற்றை நாம் கேட்டல் வேண்டும்.

அமெரிக்காவில், மெயின் மாநிலத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரிலே, ஆராய்ச்சிக்கென எலிகளை வளர்க்கும் ஜாக்சன் ஆய்வுகூடம் உளது. 1949ஆம் ஆண்டில் அங்கு பிறந்த சில எலிகள் ஓயாது தின்று பந்துபோற் பருத்தன. பின்னர் அங்கு பணியாற்றிய டக்ளஸ் கோல்மன் என்னும் விஞ்ஞானி, அத்தகைய எலி ஒன்றையும் சாதாரண எலி ஒன்றையும் குருதி கலக்கும்படி இணைத்துத் தைத்தார். பருத்த எலியின் பசி தணிந்தது! "போதும்" என்று மூளைக்கு அறிவிக்கும் ஏதோ ஒரு பொருள் அதன் உடலில் இல்லை என 1973இல் அவர் முடிவு கண்டார்.

அப்பொருள் யாது? 1994இல் நியூயோர்க் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்து ஜெப்ரி பிறீட்மன் குழுவினர் அதற்குரிய பரம்பரையலகைக் கண்டுபிடித்தனர். அது கொழுப்புக் கலங்கள் சுரக்கும் ஒரு புரதம். மெல்லிய என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு 'லெப்டின்' எனப் பெயரிட்டனர்.

ஆயினும் சோதித்துப் பார்க்கப் போதிய புரதம் வேண்டுமே! எலியின் குருதியில் உள்ளதோ மிகச் சொற்பம். ஆகவே எலியின் பரம்பரையலகைக் குடலில் வாழும் ஒருவகைப் பக்டீரியாவினுள் புகுத்தினர். பக்டீரியா பல்கிப் பெருகியது. தான் அறியாமலே எலியின் புரதத்தையும் ஆக்கித் தந்தது. அதனைப் பிரித்துத் தூய்மை செய்து எடுத்தனர். இதுவே மீள்சேர்க்கைப் புரதம் எனப்படுவது. 1995இல் இதனை நாடோறும் ஊசிமூலம் ஏற்றியபோது, பருத்த எலிகளின் நிறை இரு வாரங்களில் நூற்றுக்கு 30 வீதம் குறைந்தது.

எலியோடு கதை முடியவில்லை. லெப்டின் இன்றிப் பிறந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி 1999இல் இங்கிலாந்து வைத்தியர்கள் அறிவித்தனர். அவளுடைய நிறை 94 கிலோகிராம். அவளது பசியோ அடங்காப் பசி. அதே முறையில் ஆக்கப்பெற்ற மனித லெப்டினை ஓராண்டு ஏற்றினர். பசி அடங்கியது; 16 கிலோகிராம் குறைந்தது. அவள் பெருந்தீனிக்காரி அல்லள். "போதும்" என்னும் சொல் அவள் மூளையை எட்டாதிருந்தது, அவ்வளவே.

இதுகொண்டு லெப்டினை உடல் மெலிவிக்கும் மருந்தென எண்ணற்க. இக்குறைபாடு மிக அரிது. பருத்தவர் பெரும்பாலாரிடம் லெப்டின் மிகுதியாகவே உண்டு. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அது ஏன் என்பதை ஆராயவே, எலி லெப்டின் இன்றும் வெண்ணிறத் தூளாகச் சிறு குப்பிகளில் ஆய்வுகூடங்களுக்குச் செல்கின்றது.

அளவான உணவும் உடலுழைப்பும் நன்றே. எனினும், பசிக்கும் பிள்ளையை ஏசுமுன், அதன் பசியின் காரணத்தை வைத்தியரிடம் கேட்டறிவோமாக.