ஆறிய பின் உண்ணும் சோறு

 ஒனிகிரி எப்படிப் பிடிப்பது என்று சொல்கிறேன்.

ஜப்பானில் சோற்றைக் கையால் பிடித்து, நடுவில் உப்பும் புளிப்புமாக ஏதாவது வைத்து, கடற்பாசித் தாள் சுற்றிக் கொடுப்பார்கள். அதுதான் ஒனிகிரி. 'நிகிரு' என்றால் கைக்குள் பிடிப்பது. நாம் கொழுக்கட்டை பிடிக்கிறோம் என்கிறோமே, அந்தப் பிடிப்பதுதான். இதற்கே ஒமுசுபி என்றும் ஒரு பெயர் உண்டு. 'முசுபு' என்றால் முடிச்சிடுவது, இணைப்பது.

செய்யத் தொடங்கியதும் வரிசையாகக் கேள்விகள் வரும். ஏன் இந்த அரிசிதான் வேண்டும்? உப்பை ஏன் சோற்றில் கலக்காமல் கையில் தடவுகிறார்கள்? ஏன் இறுக்கிப் பிடிக்கக் கூடாது? ஃபிரிட்ஜில் ஏன் வைக்கக் கூடாது? எல்லாவற்றுக்கும் விடை ஒன்றுதான். இது அடுப்படியில் உட்கார்ந்து சூட்டோடு உண்ணும் சோறு அல்ல. ஆறிய பிறகு, வயலிலோ ரயிலிலோ பள்ளியிலோ, சமைத்தவர் பக்கத்தில் இல்லாதபோது உண்ணும் சோறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் செய்முறையை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

அப்படிக் கொண்டுபோகும் சோற்றுக்கு வயது அதிகம். இஷிகாவா மாகாணத்தில் 1987இல் அகழ்ந்தபோது, கரியாகிப்போன ஒரு சோற்றுக்கட்டி கிடைத்தது. ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையானது. கையால் பிடித்த வடிவம் அதில் தெரிவதாகச் சொன்னார்கள். 1885இல் உட்சுனோமியா ரயில் நிலையத்தில், மூங்கில் மடலில் பொதிந்த இரண்டு சோற்றுருண்டைகளை ஊறுகாயோடு விற்றார்கள்; ஜப்பானின் முதல் ரயில் நிலையச் சாப்பாடு அதுதான் என்று சொல்வதுண்டு. 1889இல் யாமகாதா மாகாணத்தின் ட்சுருஓகா ஊரில், ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளியில் ஒனிகிரியும் உப்பு மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். ஜப்பானியப் பள்ளி மதிய உணவின் தொடக்கமாக அதைக் கருதுகிறார்கள்.

இனி அரிசி. நமக்குச் சோறு என்றால் பருக்கை ஒட்டாமல் விரிய வேண்டும். ஒனிகிரிக்கு ஒட்ட வேண்டும், ஆறினாலும் விறைக்கக் கூடாது. இரண்டையும் தீர்மானிப்பது அரிசி மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ். அது மிகுந்தால் சோறு உதிரும், ஆறியதும் விறைக்கும். நம் நீள அரிசிகள் பலவற்றில் அது 25 சதவீதத்தைத் தாண்டும். 1956இல் வெளிவந்து இன்றுவரை ஜப்பானியர் கொண்டாடும் கொஷிஹிகாரி போன்ற குட்டை அரிசிகளில் 20 சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் நம் புழுங்கலரிசிச் சோறு உருண்டையாக நிற்பதில்லை. 'சுஷி அரிசி' என்று கடைகளில் விற்பது இந்தக் குட்டை அரிசியே. ஆனால் சுஷிக்குச் சேர்க்கும் வினிகரை இதில் சேர்க்க வேண்டாம். ஒனிகிரிக்கு வெறும் சோறு போதும்.

ஜப்பானிய அளவுக் கோப்பை 180 மில்லிலிட்டர். ஒரு கோப்பை அரிசியைத் தண்ணீர் ஓரளவு தெளியும்வரை மூன்று நான்கு முறை மென்மையாகக் கழுவி, அரை மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, 200 மில்லி புதுத் தண்ணீர் ஊற்றி, கனத்த பாத்திரத்தில் மூடி வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பன்னிரண்டு நிமிடம், அணைத்தபின் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம். கஞ்சி வடிக்கும் பேச்சே இல்லை. அரிசி எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். பிறகு கரண்டியால் கீறிக் கீறிப் புரட்டி விடுங்கள். மேலே தேங்கிய ஆவி வெளியேறும், பருக்கை நசுங்காது. இந்த ஒரு கோப்பையில் மூன்று ஒனிகிரி வரும்.

சோறு ஆறட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கை பொறுக்கும் சூட்டில் பிடித்தால்தான் பருக்கையோடு பருக்கை ஒட்டும். இரண்டு உள்ளங்கையையும் நனைத்து, விரல் நுனியில் உப்பெடுத்துக் கை முழுதும் தடவுங்கள். தண்ணீர் இருப்பதால் சோறு கையில் ஒட்டாது. உப்பு உருண்டையின் மேற்பரப்பில் படிவதால், கொஞ்சமே தடவினாலும் நாக்கு முதலில் தொடுவது அதைத்தான். வெளிப்புறம் சீக்கிரம் கெடாமலும் அது ஓரளவு காக்கிறது.

உள்ளே வைப்பதற்கும் அதே கணக்குத்தான். ஈரம் குறைவாக, உப்புத் தூக்கலாக இருக்க வேண்டும், சுற்றியிருக்கும் வெறும் சோறு முழுவதற்கும் உள்ளே வைக்கும் ஒரு தேக்கரண்டிதான் சுவை தரப் போகிறது. முதலிடம் உமேபோஷிக்கு. உமே என்ற பழத்தை, பழைய முறையில் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை உப்பிட்டு ஊறவைத்து, வெயிலில் காயவைப்பார்கள். வகாயாமா மாகாணம் இதற்குப் பேர்போனது. அந்தக் கடும் உப்பும் புளிப்பும் சோற்றைக் கெடாமல் காக்கும் என்ற நம்பிக்கை பழையது; பழத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சோற்றுக்கு அது ஓரளவு உண்மையும்கூட. அடுத்து, உப்பிட்டுச் சுட்டு உதிர்த்த சால்மன். சோயா சாஸில் பிசறிய காய்ந்த மீன் சீவல், ஒகாகா என்பார்கள். சைவர்களுக்குச் சோயா சாஸில் வற்றவிட்ட கொம்புக் கடற்பாசி இருக்கிறது. வறுத்த எள்ளையும் உப்பையும் சோற்றின்மேல் தூவினாலும் நன்றாக இருக்கும். மயோனைஸில் பிசைந்த சூரை மீன் 1980களில் கடைகள் வழியாகப் பரவியது. இப்போது பிள்ளைகளுக்கு அதுதான் உயிர். டப்பா மீனின் எண்ணெயை நன்றாகப் பிழிந்துவிட்டுக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் உருண்டை உள்ளிருந்தே நெகிழ்ந்துவிடும். எலுமிச்சை ஊறுகாயை உமேபோஷிக்குப் பதிலாக வைக்கலாமா என்று கேட்பீர்கள். மசாலா எண்ணெயில்லாத உப்பு எலுமிச்சை என்றால் தாராளமாக வையுங்கள்.

இப்போது பிடிப்பது. சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் கையில் பரப்பி, நடுவில் குழித்து, உள்ளடக்கத்தை வைத்து மூடுங்கள். ஒரு கை அடியில் தொட்டில்போல இருக்கட்டும். மற்றக் கையைக் கூரைபோல மடக்கி மேலே வையுங்கள். அழுத்தி, திருப்பி, அழுத்தி, திருப்பி, நான்கைந்து முறையில் முக்கோணம் வந்துவிடும். ஜப்பானின் கன்சாய்ப் பகுதியில் நெல்மூட்டை வடிவத்திலும் பிடிப்பார்கள். முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான்: உடைந்துவிடுமோ என்ற பயத்தில் நசுக்கிவிடுகிறார்கள். நசுக்கிய சோறு ஆறியதும் கல்லாகும். வெளிப்புறம் மட்டும் பிடி கொடுக்க வேண்டும், உள்ளே காற்று இருக்க வேண்டும். கையில் நிற்கும், வாயில் போட்டதும் உதிரும். அதுதான் சரியான பதம்.

சுற்றும் கடற்பாசித் தாளுக்கு நோரி என்று பெயர். அதைத் தீயில் ஒரு நொடி காட்டினால் பச்சை தெளியும், மொறுமொறுக்கும். இந்தப் பாசியை வளர்ப்பது பல காலம் அதிர்ஷ்டத்தின் கையில் இருந்தது. விதை எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தின் தாவரவியலாளர் கேத்லீன் ட்ரூ பேக்கர், அந்தப் பாசி தன் வாழ்வின் ஒரு பருவத்தைச் சிப்பி ஓட்டுக்குள் கழிக்கிறது என்று 1949இல் கண்டு எழுதினார். அதன்பின் நோரி திட்டமிட்ட பயிரானது. ஜப்பானைக் கண்ணால் பார்க்காமலேயே இறந்துபோன அவருக்குக் குமாமோட்டோவின் கடலோரத்தில் 1963இல் நினைவுக்கல் நட்டார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று அங்கே நன்றி செலுத்துகிறார்கள்.

சில எச்சரிக்கைகள். கையில் புண் இருந்தால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள், மெல்லிய பிளாஸ்டிக் தாளை இடையில் வையுங்கள். கிருமி வளர வெதுவெதுப்பான சோறு நல்ல இடம். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் உண்டுவிடுவது நல்லது. ஃபிரிட்ஜின் குளிரில்தான் சோறு மிக விரைவாக விறைக்கும். மிஞ்சினால் உறையவைத்து, வேண்டும்போது சூடாக்கிக்கொள்ளலாம்.

ஆவி அடங்குமுன் பிளாஸ்டிக்கில் பொதியவும் கூடாது, சோறு வியர்த்துவிடும். ஜப்பானின் வடக்கே இவாகி மலையடிவாரத்தில் மனம் நொந்து வந்தவர்களுக்கெல்லாம் சோறிட்ட சாட்டோ ஹட்சுமே என்ற பெண்மணி (1921–2016), ஒனிகிரியைத் துண்டுத் துணியில்தான் பொதிந்து கொடுப்பார். வாழ்வே வேண்டாம் என்றிருந்த ஓர் இளைஞர், வழியில் அந்தத் துணிப்பொதியைப் பிரித்துச் சாப்பிட்டபோது மனம் மாறினார் என்று சொல்வார்கள். சோறு வியர்க்கக் கூடாதே என்று ஒருவர் நினைத்திருக்கிறார். அந்த நினைப்பு, அவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அந்த இளைஞரின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 1995 ஜனவரி 17இல் கோபே பகுதியை நிலநடுக்கம் தாக்கியபோது வீடிழந்தவர்களுக்குத் தொண்டர்கள் பிடித்துக் கொடுத்ததும் இதே உருண்டைதான். அந்த நாளை ஒமுசுபி நாளாக வைத்திருக்கிறார்கள்.

முதல்முறை மூன்று பிடியுங்கள். ஒன்றை உடனே சாப்பிடுங்கள், ஆசைக்கு. ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவதை ஒரு துணியில் பொதிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். உங்கள் கை எப்படி என்று அது சொல்லும். மூன்றாவதை வெளியே கிளம்பும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.