கையெழுத்துக்கு முன்னாடி கொஞ்சம் சிவப்பு மை!

கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆனதும் என்ன செய்வோம்? அம்மாவுக்கு போன் அடிப்போம். ஸ்டேட்டஸ் போடுவோம். ட்ரீட் கேட்டுத் துரத்தும் கும்பலிடமிருந்து எஸ்கேப் ஆவோம். ஆஃபர் லெட்டரைப் படிப்போமா? ம்ஹூம்! சம்பளம் போட்டிருக்கும் பக்கத்துக்கு நேராகப் போய் ஒரு ஸ்க்ரீன்ஷாட், அவ்வளவுதான். மீதிப் பக்கங்களை அப்படியே மூடி வைப்பதுதான் நம் பரம்பரை வழக்கம்.

அந்த மீதிப் பக்கங்களில்தான் பாஸ் மேட்டரே இருக்கிறது. இரண்டு வருஷம் வேலையை விடக்கூடாது, விட்டால் இத்தனை லட்சம் கட்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்து வை, அப்பாவை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்... எல்லாம் 'நாட்வித்ஸ்டாண்டிங்' ரேஞ்சு இங்கிலீஷில். தமிழ் மீடியம் பசங்களை விடுங்கள், பீட்டர் பார்ட்டிகளே மூன்றாவது பாராவில் தூங்கிவிடுகிறார்கள்.

இந்த பிளேஸ்மென்ட் சீஸனில் எங்கள் ஹாஸ்டலில் ஒரு புது ட்ரெண்ட். லெட்டர் வந்ததும் அதை ஏ.ஐ.யிடம் கொடுத்து 'ரெட்லைன்' போட வைப்பது. ரெட்லைன் என்றால் பெரிய ராக்கெட் சயின்ஸ் எல்லாம் இல்லை. நம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை கைடு சார் சிவப்புப் பேனாவால் குதறித் தருவாரே, அதே சமாசாரம். ஒப்பந்தத்தில் பிடிக்காத வரியை அடித்து, வேண்டிய வரியைப் பக்கத்தில் எழுதி எதிர்த்தரப்புக்கு அனுப்புவார்கள் வக்கீல்கள். எது போச்சு, எது வந்துச்சு என்று இரண்டு பேருக்கும் பளிச்சென்று தெரியும். வேர்டில் 'ட்ராக் சேஞ்சஸ்' அமுக்கினால் நடக்கும் கூத்தும் இதுதான்.

எங்கள் மாடியில் இந்த வருஷம் சூப்பர் ஹிட், ஃபைனல் இயர் மெக்கானிக்கல் அண்ணன் ஒருவரின் லெட்டர். மொத்தம் ஒன்பது பக்கம். 24 மாத பாண்டு, 2 லட்ச ரூபாய். 'என் பேரும் வேணாம், கம்பெனி பேரும் வேணாம்' என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பேசவே ஆரம்பித்தார். ஆள் உஷார் பார்ட்டி. பேர், அட்ரஸ், ஆதார், பான் நம்பர், கம்பெனி பேர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அப்லோட் செய்திருக்கிறார். நம் பேப்பரையே இப்படி என்றால் அடுத்தவர் பேப்பரைக் கேட்கவே வேண்டாம். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் கம்பெனியின் ரகசிய கோடிங்கை சாட்ஜிபிடியில் போட்டுவிட, கம்பெனி சாதனங்களில் இந்த மாதிரி ஏ.ஐ. சமாசாரத்துக்கே தடை போட்டார்கள். இன்டர்ன்ஷிப் போகும் மக்கள் நோட் பண்ணிக்குங்க!

சரி, ஏ.ஐ. என்ன கண்டுபிடித்தது? சும்மா சொல்லக் கூடாது, முதல் ஐந்து நிமிஷத்திலேயே ஒரு சிக்ஸர். மூன்றாம் பக்கத்தில் 'ஊழியர் தானாக ராஜினாமா செய்தால் 2 லட்சம்' என்று இருக்கிறது. எட்டாம் பக்கத்து இணைப்பிலோ 'எந்தக் காரணத்தால் வேலை முடிவுக்கு வந்தாலும்' அதே 2 லட்சம். அதாவது கம்பெனியே ஆளைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பினாலும் பணம் இவர் கட்ட வேண்டும்! "மூணு தடவை படிச்சேன்டா. ரெண்டு பக்கமும் தனித்தனியா ஓகேதான்னு தோணுச்சு. சேர்த்து வெச்சுப் பார்க்கவே இல்ல" என்றார் அண்ணன். நாம் எட்டாம் பக்கம் வருவதற்குள் மூன்றாம் பக்கம் மறந்துபோகும். இந்த வேலைக்கு மெஷின் செம கில்லாடி.

அடுத்தது தொகை. 23 மாதம் உழைத்துவிட்டு, கடைசி மாதம் கிளம்பினாலும் முழு 2 லட்சம் என்பதுதான் லெட்டரில் இருந்த கணக்கு. 'வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்ப தொகை குறையும்' என்று ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னது ஏ.ஐ. அப்படிச் சேர்த்தால் 20 மாதம் முடித்தவர் பாக்கி 4 மாதத்துக்கு 33,333 ரூபாய் கட்டினால் போதும். ஒரு வரிக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேலே வித்தியாசம் மக்களே! ரெட்லைன் என்பது எதிராளியோடு சண்டை போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இப்படி ஒரு வரி கேட்பதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது.

இதுவரை ஏ.ஐ. ஹீரோ. இனிமேல்தான் காமெடி. 'இந்த லெட்டரை எனக்குச் சாதகமாகத் திருத்து' என்று மொட்டையாகக் கேட்டதற்கு வந்து விழுந்த திருத்தங்கள் 41. லெட்டர் முழுக்க ரத்தக்களறி! கமா, ஃபுல்ஸ்டாப்பைக்கூட விடவில்லை. இதை எச்.ஆருக்கு அனுப்பினால் ஆஃபரே வாபஸ் ஆனாலும் ஆகும். 'எனக்குப் பண நஷ்டம் வரக்கூடிய இடங்களை மட்டும் சொல். பழைய வரி, புது வரி, காரணம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டு. வேறு எதையும் தொடாதே' என்று கேட்ட பிறகுதான் வழிக்கு வந்தது.

அப்படியும் ஒரு இடத்தில் வாலாட்டியது. திருத்திய காப்பியை முழுசாக எழுதித் தரச் சொன்னபோது, லிஸ்ட்டில் சொல்லாத ஒரு இடத்தில் 'மே' என்பதை 'ஷல்' ஆக்கிவிட்டது. முன்னது 'செய்யலாம்', பின்னது 'செய்தே ஆக வேண்டும்'. ஒப்பந்தத்தில் இது தலைகீழ் மாற்றம். அண்ணன் எப்படிப் பிடித்தார்? வேர்டில் 'ரிவ்யூ' பகுதியில் 'கம்பேர்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. பழைய ஃபைல், புது ஃபைல் இரண்டையும் அதில் கொடுத்தால் யார் எதை மாற்றியிருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஏ.ஐ. அல்ல, வெறும் பழைய பட்டன். எச்.ஆர். 'அப்டேட்டட் காப்பி' என்று திருப்பி அனுப்பும் ஃபைலுக்கும் இதே வைத்தியம் பண்ணலாம்.

இதைவிட ஆபத்து, ஏ.ஐ. தரும் ஆறுதல்! 'இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-ன்படி பாண்டு செல்லாது, தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள்' என்றது ஒரு தடவை. பிரிவு 27 நிஜம்தான். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகு 'போட்டிக் கம்பெனியில் சேராதே' என்பது பொதுவாக இதில் அடிபடும். ஆனால், வேலையில் இருக்கும் காலத்துக்கான பாண்டு வேறு கதை. விஜயா வங்கி வழக்கில் மூன்று வருஷ சர்வீஸ், இல்லாவிட்டால் 2 லட்சம் என்ற நிபந்தனை பிரிவு 27-ஐ மீறவில்லை என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கி, அதிலும் சீனியர் மேனேஜர் வேலை. ஃப்ரெஷருக்கு அப்படியே பொருந்துமா என்பது தனி விவாதம். அதே சட்டத்தின் பிரிவு 74, எழுதியிருக்கும் தொகையை உச்சவரம்பாகத்தான் பார்க்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான். இவ்வளவு நெளிவு சுளிவு உள்ள விஷயத்தை 'செல்லாது' என்று ஒரே வார்த்தையில் முடித்தால் எப்படி?

தீர்ப்பு பெயரெல்லாம் சொன்னால் இன்னும் உஷார் ஆகுங்கள். நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த வழக்குகளை நிஜம் என்று நம்பி கோர்ட்டில் தாக்கல் செய்து, 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். கறுப்புக் கோட்டுக்கே இந்த பல்பு! சந்தேகம் வந்தால் மனித வக்கீலைக் கேட்பதே உத்தமம். 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி கிடைக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம் என்பது நிறைய பேருக்குத் தெரியாத தகவல்.

அண்ணனின் அப்பா ஈரோடு பக்கம் விசைத்தறி ஓட்டுபவர். ஒன்பதாம் பக்கத்து ஜாமீன் கையெழுத்து அவருடையது. பையன் பணம் கட்டாவிட்டால் அவர் கட்ட வேண்டும். அதனால், ஒவ்வொரு நிபந்தனையையும் எளிய தமிழில் சொல்லும்படி ஏ.ஐ.யிடம் கேட்டு, சனிக்கிழமை ராத்திரி போனில் வாசித்துக் காட்டியிருக்கிறார். தறிச் சத்தத்துக்கு நடுவே அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"ஏங்கண்ணு, சர்டிபிகேட்ட வாங்கி வெச்சுக்குவாங்கன்னு போட்டிருக்குது. எப்பத் திருப்பித் தருவாங்கன்னு எங்க போட்டிருக்குது?"

"அது... இல்லீங்கப்பா."

41 திருத்தம் போட்ட மெஷின் இதைத் தொடவே இல்லை! இருக்கும் வரியைத் திருத்தச் சொன்னோம், திருத்தியது. இல்லாத வரியைத் தேடச் சொல்லவில்லை. அண்ணன் உடனே உட்கார்ந்து, 'இந்த லெட்டரில் என்னென்ன விட்டுப்போயிருக்கிறது?' என்று கேட்க, சர்டிபிகேட், பயிற்சி முடிந்ததும் எந்த ஊரில் போஸ்டிங், ரிலீவிங் லெட்டர் எத்தனை நாளில் என்று கடகடவென ஏழு கேள்வி வந்து விழுந்தது. 'இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னவாம்' என்று கடுப்பானார் ரூம்மேட்.

கடைசியில் எச்.ஆர். மேடத்துக்கு அனுப்பிய ரெட்லைனில் மூன்றே இடம். எட்டாம் பக்கத்து 'எந்தக் காரணத்தால்', மாதத்துக்கேற்ப குறையும் தொகை, சர்டிபிகேட். பணிவான நாலு வரி மெயில் அவரே டைப் அடித்தது. அனுப்பும் முன் அரை மணி நேரம் மவுஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆஃபர கேன்சல் பண்ணிருவாங்களோ"ன்னு பயம். எந்த ஏ.ஐ.யும் அந்த பட்டனை அவருக்காக அமுக்கித் தராது.

இரண்டு நாள் கழித்து பதில். எட்டாம் பக்கம் மாறியாச்சு, ராஜினாமாவுக்கு மட்டும்தான் பாண்டு. சர்டிபிகேட்டைச் சரிபார்த்து 15 நாளில் திருப்பித் தருவதாக ஒரு வரி புதுசாகச் சேர்ந்தாச்சு. மாதக் கணக்குக்கு மட்டும் 'கம்பெனி பாலிஸி, ஸாரி' என்று கையை விரித்துவிட்டார்கள். திருத்தி வந்த ஃபைலை 'கம்பேர்' போட்டுப் பார்த்தாகிவிட்டது, வேறு வில்லங்கம் இல்லை. கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை வரை டைம். அதற்கு முந்தின நாள் பாண்டே இல்லாத இன்னொரு கம்பெனி கேம்பஸுக்கு வருகிறது. சம்பளம் கொஞ்சம் கம்மி. அண்ணன் இப்போது ஆப்டிட்யூட் புக்கும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.