கூடிப் பழகும் உடம்பு

கொல்கத்தா துறைமுகத்தை ஒட்டி, வீடும் கடையும் பள்ளிவாசலும் நெருக்கியடித்து நிற்கும் பகுதி கிடர்பூர். அங்குள்ள நவாப் அலி பார்க்கில் 'கிடர்பூர் ஸ்கூல் ஆஃப் பிசிக்கல் கல்ச்சர்' என்ற சங்கம் பெண்களுக்குக் குத்துச்சண்டை கற்றுத்தருகிறது. இங்கு பயிற்சி தந்த ரசியா ஷப்னம், இந்தியாவின் தொடக்ககாலப் பெண் குத்துச்சண்டைப் பயிற்சியாளர்களில் ஒருவர். சர்வதேச நடுவராகவும் தகுதி பெற்றவர். அவரையும் அவரிடம் பயின்ற முஸ்லிம் பெண்களையும் பற்றி அல்கா ரகுராம் இயக்கிய 'புர்கா பாக்சர்ஸ்' ஆவணப்படம் 2016இல் வெளிவந்தது.

வங்கத்துக்கு உடற்பயிற்சி புதிதல்ல. பிஷ்ணு சரண் கோஷ் 1923இலேயே கொல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். மனோதோஷ் ராய் 1951இலும் மனோகர் ஐச் 1952இலும் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றார்கள். ஆனால் அந்த மரபில் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் இடம் இருந்தது. அதனால்தான் கிடர்பூர் பெண்கள் வரிசையாக நின்று கையுறை மாட்டுவது முக்கியமாகிறது. 2022ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் வயது வந்த பெண்களில் சுமார் 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் சுமார் 42 சதவீதம் பேருக்கும் போதிய உடலுழைப்பு இல்லை என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழின் ஆய்வு சொல்கிறது.

கல்லூரியில் சேரும் வயதில்தான் பலருக்குப் பள்ளியின் பி.டி. பீரியட் முடிந்துபோகிறது. அதன்பின் ஜும்பா, யோகா, ஏரோபிக்ஸ், குத்துச்சண்டை என்று எந்த வகுப்புக்குப் பெயர் கொடுத்தாலும் முதலில் வந்து நிற்பது கூச்சம்தான். 'எல்லோரும் என்னைத்தானே பார்ப்பார்கள்?' என்ற கேள்விக்கு அறிவியல் பதில் வைத்திருக்கிறது.

பார்ப்பவர் எத்தனை பேர்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பாடகரின் படம் போட்ட, அணியவே சங்கடமான டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். சட்டையில் இருந்தது யார் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என அணிந்தவரிடம் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப்பேர் என்றார். உண்மையில் கவனித்தவர்கள் நான்கில் ஒருவர் அளவுதான். 2000ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வு உடற்பயிற்சி வகுப்புக்கும் பொருந்தும். இடக்கால் போடவேண்டிய இடத்தில் வலக்கால் போட்டவருக்கு அது பெரிய விஷயம். பக்கத்தில் நிற்பவருக்கோ தன் காலைப் பார்க்கவே நேரம் போதாது.

ஆனாலும் கூச்சத்துக்கு உடம்பளவில் ஒரு காரணம் உண்டு. பிறர் முன்னிலையில் மனிதர்களின் வேகம் கூடுகிறது என்று 1898இல் உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் சைக்கிள் பந்தய வீரர்களை வைத்துக் காட்டினார். 1965இல் இன்னோர் உளவியலாளர் ராபர்ட் ஜயோன்ஸ் இதற்கு ஒரு திருத்தம் சேர்த்தார். நன்றாகப் பழகிய வேலையைப் பிறர் முன் இன்னும் நன்றாகச் செய்கிறோம். பழகாத வேலையில் தடுமாறுகிறோம். பத்தாவது வகுப்பில் ஊக்கம் தரப்போகும் அதே கூட்டம்தான் முதல் வகுப்பில் காலைப் பின்ன வைக்கிறது. புதியவர் தடுமாறுவது அவருக்குத் திறமை இல்லை என்பதற்கு அடையாளமே அல்ல.

சேர்ந்து செய்தால் என்ன ஆகிறது?

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் துடுப்புப் படகு வீரர்கள் 12 பேரை வைத்து எம்மா கோஹன், ராபின் டன்பார் உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. வீரர்கள் துடுப்பு வலிக்கும் இயந்திரத்தில் ஒரு நாள் தனியாகவும், இன்னொரு நாள் குழுவாக ஒரே தாளத்திலும் 45 நிமிடம் உழைத்தார்கள். முடிந்ததும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்து, எந்த அழுத்தத்தில் 'வலிக்கிறது' என்கிறார்கள் என்று குறித்தார்கள். இரு நாளும் உழைப்பு ஒன்றுதான். ஆனால் சேர்ந்து துடுப்பு வலித்த நாளில் அவர்கள் தாங்கிய அழுத்தம் கணிசமாக அதிகம். ஒரே தாளத்தில் இயங்கும்போது மூளையில் எண்டார்ஃபின் கூடுதலாகச் சுரக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

மாணவர்களை வைத்தே செய்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் 69 மருத்துவ மாணவர்களை 12 வாரம் கவனித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். குழு வகுப்புக்குப் போனவர்களின் மன அழுத்தம் சுமார் 26 சதவீதம் குறைந்தது. தனியாகப் பயிற்சி செய்தவர்கள் அதிக நேரம் செய்தும் அவர்களுடைய மன அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எந்தக் குழு என்பதை மாணவர்களே தேர்ந்துகொண்டார்கள் என்பதால் இதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் மற்ற ஆய்வுகளோடு சேர்த்துப் பார்த்தால் திசை தெளிவாகத் தெரிகிறது.

யாரோடு சேர்வது என்பதற்கும் குறிப்பு கிடைக்கிறது. 1920களில் ஒட்டோ கோலர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பெர்லின் படகுச் சங்க உறுப்பினர்களை இருவர் இருவராகச் சேர்த்து எடை தூக்கவைத்தார். பலம் குறைந்தவர் தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் இடையே வித்தியாசம் அளவாக இருந்தபோதுதான் இந்தப் பலன் தெரிந்தது. அது மிகப் பெரிதானபோது பலன் மங்கிவிட்டது. எனவே புதியவர், வகுப்பிலேயே கெட்டிக்காரரைவிட்டு, தன்னைவிடச் சற்றே முன்னால் இருப்பவரின் பக்கத்தில் நிற்பது நல்லது.

உடம்பு கற்கும் வரிசை

குத்துச்சண்டையின் முதல் பாடமான 'ஜாப்' குத்தை எடுத்துக்கொள்வோம். வெறும் கை வீச்சாகத்தான் தெரியும். ஆனால் பின்காலின் முன்பாதம் தரையை உந்த வேண்டும், இடுப்பு லேசாகத் திரும்ப வேண்டும், தோள் முகவாயை மறைக்க வேண்டும். கை நீளும் கடைசி நொடியில் முஷ்டி திரும்பி, போன வழியே திரும்பி வர வேண்டும். இத்தனை தசைகளை எந்த வரிசையில் இயக்குவது என்பதை நரம்பு மண்டலம் புதிதாகக் கற்கிறது. தொடக்க வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் இந்த நரம்புப் பாடத்தால்தான். தசை பருப்பது பிறகுதான் தெரியும். கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லை என்று மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுபவர்கள், உள்ளே நடந்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

வகுப்புக்கு மறுநாள் படியிறங்கும்போது தொடை கெஞ்சும். லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் இந்த வலி என்று பலரும் நம்புகிறார்கள். அது பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ரத்தத்தைவிட்டு நீங்கிவிடும். பழகாத இயக்கத்தால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் அழற்சியுமே காரணம். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியும். அதே பயிற்சியை அடுத்த முறை செய்யும்போது வலி வெகுவாகக் குறைந்திருக்கும்.

ஆனால் முதல் நாளிலேயே பழையவர்களோடு போட்டி போடுவது ஆபத்து. தசை அளவுக்கு மீறிச் சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை, தீவிரமான வகுப்புக்கு முதன்முறை போனவர்களிடம் பதிவாகியிருக்கிறது. தாங்கமுடியாத வலி, வீக்கம், பால் கலக்காத தேநீர் நிறத்தில் சிறுநீர் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொல்கத்தாவின் புழுக்கத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் வழிந்தோடும், உடல் வெப்பமோ ஏறிக்கொண்டே போகும். இதற்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் தேவை. சென்னையில் பயில்பவர்களுக்கும் இதே கணக்குதான். அதிகாலை நேரம், போதிய தண்ணீர், பேச முடிந்து பாட முடியாத அளவு மூச்சிரைப்பு ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதும்.

கல்லூரிகள் செய்யவேண்டியது

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. வாரம் மூன்று முறை ஐம்பது நிமிட வகுப்பு நடத்தினாலே கீழ்வரம்பு நிறைந்துவிடும். அதற்குப் பளபளக்கும் ஜிம் வேண்டியதில்லை. ஒரு கூடமும் ஸ்கிப்பிங் கயிறும் புதியவரை மதிக்கும் பயிற்சியாளரும் போதும்.

கண்ணாடிச் சுவர்கூட அவசியமில்லை. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத பெண்கள் கண்ணாடி முன் பயிற்சி செய்தபோது அவர்களுடைய மனநிலை மோசமானதாகக் கனடா ஆய்வாளர் கேத்லீன் மார்ட்டின் கினிஸ் 2003இல் கண்டார். ஜாஸர்சைஸ் நடன வகுப்பை 1969இல் தொடங்கிய ஜூடி ஷெப்பர்ட் மிஸெட், மாணவிகளைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கவைத்துத்தான் வெற்றி கண்டார்.

புதியவர்களுக்கென்று தனி வகுப்பு வேண்டும். எல்லோருமே முதல் நாள்காரர்களாக இருக்கும் இடத்தில் தடுமாற்றம் பொதுவாகிவிடும், தாளம் சேர்ந்தே கைகூடும். பாடத்திட்டத்துக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை, அதைப் படிக்கப்போகும் உடம்புகளுக்கும் கல்லூரிகள் காட்டட்டும். பூங்காவையும் கையுறைகளையும் வைத்து கிடர்பூர் பெண்களுக்கு அமைந்த வாய்ப்பு, மைதானமும் கூடமும் உள்ள கல்லூரிகளின் மாணவிகளுக்குக் கிடைக்காமல் போவதை நியாயப்படுத்த எந்தக் காரணமும் இல்லை.