‘ஒரு அஞ்சு நிமிஷம் பேசிடலாமா?’ - வீட்டு நேரத்தை விழுங்கும் ஆபீஸ் மீட்டிங்!

எதிரியின் ஆலைகளையும் அலுவலகங்களையும் முடக்க வேண்டும். ஆனால், குண்டு வைக்க வழியில்லை. என்ன செய்யலாம்?

1944-ம் ஆண்டு, இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்தபோது, சி.ஐ.ஏ-வின் முன்னோடியான அமெரிக்க உளவு அமைப்பு ஓ.எஸ்.எஸ் இதற்காகவே ஒரு ரகசியக் கையேடு தயாரித்தது. எதிரியின் பிடியில் இருந்த நாடுகளில் வாழும் சாதாரண மக்கள், மாட்டிக்கொள்ளாமல் வேலையைக் கெடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் கையேடு. பெட்ரோல் டேங்கில் சர்க்கரையைக் கொட்டுவது போன்ற யோசனைகளுக்கு நடுவே, ஆபீஸில் இருப்பவர்களுக்கும் தனியாகப் பாடம் உண்டு. எந்த விஷயம் வந்தாலும் கமிட்டிக்கு அனுப்புங்கள். அந்தக் கமிட்டியில் ஐந்து பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பந்தமில்லாததை இழுங்கள். போன கூட்டத்தில் முடிவானதை மறுபடி கிளறுங்கள். முக்கியமான வேலை காத்திருக்கும் நேரம் பார்த்துக் கூட்டம் போடுங்கள். இப்படிப் போகிறது அந்தப் பட்டியல்.

படிக்கும்போதே உங்கள் திங்கட்கிழமை காலை ஞாபகத்துக்கு வருகிறதா? இன்று இதற்கு எந்த உளவாளியும் தேவையில்லை. காலண்டரில் ஒரு இன்வைட் போதும்.

மீட்டிங்கில் இருக்கும் பெரிய சிக்கல், அது இலவசம்போலத் தெரிவதுதான். ஆபீஸுக்கு ஒரு நாற்காலி வாங்க மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். எட்டுப் பேரை ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்காரவைக்க யார் அனுமதியும் வேண்டாம். கணக்குப் போட்டால் அது எட்டு மணி நேரம். அதாவது, ஒருவருடைய முழு நாள் வேலை. ஆளுக்கு மாதச் சம்பளம் 60,000 ரூபாய், மாதத்துக்கு 25 வேலை நாள்கள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மீட்டிங்கின் விலை 2,400 ரூபாய். வாரா வாரம் நடந்தால் வருடத்துக்கு 1,24,800 ரூபாய்.

கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் 2023 ஜனவரியில், மூன்று பேரோ அதற்கு மேலோ கூடும் வழக்கமான மீட்டிங்குகளை ஊழியர்களின் காலண்டரிலிருந்து கூண்டோடு நீக்கியது. புதன்கிழமைகளில் மீட்டிங்கே கிடையாது என்றது. அதே ஆண்டு ஜூலையில், இன்வைட் அனுப்பும்போதே அந்த மீட்டிங்குக்கு உத்தேசமாக எவ்வளவு செலவாகும் என்று காட்டும் கருவியையும் காலண்டரில் சேர்த்தது. ஹோட்டலில் மெனு கார்டின் வலது பக்கத்தை முதலில் பார்ப்பவர்களுக்கு இதன் சூட்சுமம் சட்டெனப் புரியும்.

இரவு எட்டரை மணி ‘கால்’

பணம் நிறுவனத்தின் கவலை. வீட்டில் போகும் நேரத்துக்கு யார் கணக்குப் போடுகிறார்கள்?

சென்னையிலோ கோவையிலோ இருந்தபடி அமெரிக்க கிளையன்டுக்கு வேலை பார்ப்பவர்களின் வீட்டில் இது தினசரிக் கதை. நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 7.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அவர்களுக்கு அதே 10 மணி மீட்டிங்தான். இங்கே அது 8.30 ஆகிவிடும். மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை இப்படித்தான். அங்கே திருப்பிய முள் இங்கே சாப்பாட்டு நேரத்தில் வந்து குத்துகிறது.

பிள்ளைக்கு ஹோம்வொர்க்கில் சந்தேகம். பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனோடு மியூட்டில் உட்கார்ந்திருப்பார். பெண் ஊழியர் என்றால் ஒரு காது மீட்டிங்கில், இன்னொரு காது குக்கர் விசிலில். நாற்பது நிமிடங்கள் தனக்குச் சம்பந்தமில்லாத பேச்சைக் கேட்டுவிட்டு, தன் முறை வரும்போது சொல்வது ஒரே வரி: “நத்திங் ஃப்ரம் மை சைடு.” அந்த ஒரு வரிக்காகத்தான் தோசை ஆறிப்போயிருக்கும்.

என்ன முடிந்தது, எது நிற்கிறது, யாருடைய உதவி வேண்டும் என்று ஆளுக்கு மூன்று வரி எழுதி குரூப்பில் போட்டாலே தினசரி ‘ஸ்டேட்டஸ் கால்’களில் பெரும்பகுதிக்கு அவசியம் இருக்காது. பேசியே ஆக வேண்டும் என்றால், அசௌகரியத்தையாவது பங்குபோட்டுக்கொள்ளலாம். ஒரு வாரம் இங்கே இரவு, அடுத்த வாரம் அங்கே அதிகாலை. குளிர்காலத்திலும் நியூயார்க்கின் காலை 7.30 இங்கே மாலை 6 மணிதான். இப்படி மாற்றிக்கொள்ளலாமா என்று கிளையன்டிடம் கேட்டே பார்க்காத டீம்கள்தான் அதிகம்.

எழுதினால் பாதி குறையும்

அமேசானில் 2004-ம் ஆண்டு ஜெஃப் பெசோஸ், உயர் அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயின்ட்டுக்குத் தடை போட்டார். அதற்குப் பதில், பேச வேண்டியதை அதிகபட்சம் ஆறு பக்கத்துக்கு முழு வாக்கியங்களில் எழுதிக்கொண்டு வர வேண்டும். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அமைதியாக அதைப் படிப்பார்கள். அதன்பிறகே பேச்சு. முன்கூட்டியே படிக்காமல் வந்தவர், படித்துவிட்டதுபோல நடிக்க வேண்டிய தொல்லையும் இல்லை.

பத்துப் பேர் வேலை பார்க்கும் ஆபீஸுக்கு ஆறு பக்கம் ரொம்பவே அதிகம். ஒரு வரி போதும். ‘ப்ராஜெக்ட் டிஸ்கஷன்’ என்று இன்வைட் வந்தால் எதற்காகப் போகிறோம் என்றே தெரியாது. ‘தீபாவளி ஆர்டரை எந்த சப்ளையருக்குத் தருவது என்று முடிவு செய்ய’ என்று வந்தால், யார் வர வேண்டும், யார் வேண்டாம் என்பதுகூட அதிலேயே தெரிந்துவிடும். அப்படி ஒரு வரியை எழுத முடியவில்லையென்றால், அந்த மீட்டிங்குக்கு இன்னும் நேரம் வரவில்லை.

முடிவெடுக்கும் விஷயத்தின் அளவும் முக்கியம். சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் நார்த்கோட் பார்க்கின்சன், 1957-ல் வெளியான தன் புத்தகத்தில் ஒரு கற்பனைக் கமிட்டியைக் காட்டினார். ஒரு கோடி பவுண்டு அணு உலைக்கு அந்தக் கமிட்டி இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தருகிறது. சைக்கிள் நிறுத்தும் ஷெட்டுக்கு முக்கால் மணி நேரம். கூட்டங்களில் தரும் காபிக்கு ஒன்றேகால் மணி நேரம்! அணு உலை பற்றி யாருக்கும் தெரியாது. காபி பற்றிக் கருத்து இல்லாதவர் உண்டா? டீம் அவுட்டிங் ஏற்காடா, மகாபலிபுரமா என்று நடந்த விவாதங்களை நினைத்துப் பாருங்கள். இதையெல்லாம் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதே நல்லது.

நின்றுகொண்டே பேசினால் சீக்கிரம் முடியும் என்பார்கள். 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்து பேர் கொண்ட 111 குழுக்களை வைத்துச் சோதித்தார்கள். உட்கார்ந்து பேசிய குழுக்கள் 34 சதவிகிதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டன. எடுத்த முடிவுகளின் தரத்தில் வித்தியாசமில்லை. ஆனாலும், முட்டிவலி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் நிற்கவைத்து நேரத்தை மிச்சப்படுத்துவது நியாயமில்லை.

தலையாட்டினால் தீருமா?

கூட்டம் இழுத்துக்கொண்டே போவது பற்றிய கவலை நம் ஊருக்குப் புதிதல்ல. திருநெல்வேலியை அடுத்த மானூரில் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச்சபையில் எந்த விஷயம் வந்தாலும் ‘இல்லை, இல்லை’ என்று முட்டுக்கட்டை போடுபவர்களும், அவர்களுக்குத் துணை நிற்பவர்களும் ஐந்து காசு அபராதம் கட்ட வேண்டும் என்கிறது அது.

இன்றைய ஆபீஸ்களில் நிலைமை நேரெதிர். மேனேஜர் முதலில் தன் கருத்தைச் சொல்லிவிடுவார். எல்லோரும் தலையாட்டுவார்கள். உண்மையான மீட்டிங், அது முடிந்த பிறகு வெளியே டீக்கடையில் நடக்கும். ‘இது வேலைக்கு ஆகாது’ என்ற பேச்சு அங்கேதான் வரும். அடுத்த வாரம் அதே பிரச்னைக்கு மறுபடியும் மீட்டிங். இளையவர்களை முதலில் பேசவிட்டு, மேனேஜர் கடைசியாகப் பேசினால் டீக்கடைப் பேச்சில் கொஞ்சமாவது அறைக்குள் வரும்.

சரி, மேலதிகாரியிடம் ‘நான் வரலை’ என்று சொல்ல முடியுமா? நேராகச் சொன்னால் திமிர் என்பார்கள். “சார், நாளைக்கு மீட்டிங்ல என் பகுதி முதல் பதினஞ்சு நிமிஷம்தான் வரும்னு நினைக்கிறேன். அதை முடிச்சுட்டு வந்து அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கட்டுமா?” என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. இதை மேனேஜரே முந்திக்கொண்டு, “உங்க விஷயம் முடிஞ்சதுன்னா நீங்க கிளம்பலாம்மா” என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அவர் எழுந்திருக்கும் வரை யாரும் எழுந்திருக்காத ஆபீஸில் அந்த வார்த்தையை அவர்தான் சொல்ல வேண்டும்.

முடிக்கும்போது யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்யப்போகிறார் என்பதை எல்லோர் முன்னிலையிலும் படித்துவிட்டு, அப்படியே குரூப்பிலும் போட்டுவிடுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்று முடிந்த மீட்டிங், அடுத்த வாரமும் நிச்சயம் நடக்கும்.

இந்தத் திங்கட்கிழமை உங்கள் காலண்டரைத் திறந்து, வாரா வாரம் வரும் மீட்டிங்குகளில் எது எதற்காகத் தொடங்கியது என்று பாருங்கள். யாருக்குமே ஞாபகம் இல்லாத ஒன்றாவது இருக்கும். அதை மட்டும் இரண்டு வாரங்களுக்கு நிறுத்திப் பாருங்கள். ‘ஏன் நடக்கலை?’ என்று யாராவது கேட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.